கச்சேரி நாற்காலிக்கு என்ன தகுதி வேண்டும்?

அரச நிர்வாகத்தின் மேல்மட்டப் பதவிகளைப் பற்றிக் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டைப் பக்கமிருந்து கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை விட்டு, ஊரை மட்டும் போட்டுப் பதில் தருகிறேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் சித்தப்பா, "ஃபெடரல் கவர்மெண்ட் வேலைக்கு ஈடு வேறில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நம் நாட்டில் அப்படி ஒன்று உண்டா?
– இறுதியாண்டு மாணவி, பேராதனை

பதில்: கனடாவும் அமெரிக்காவும் கூட்டாட்சி நாடுகள், நம்முடையது ஒற்றையாட்சி. அதனால் இங்கே 'ஃபெடரல்' கிடையாது, மத்திய அரசு உண்டு. சித்தப்பா சொல்லும் தரத்துக்கு நிகரானவை நம் நாடளாவிய சேவைகள்: இலங்கை நிர்வாக சேவை, கணக்காளர் சேவை, திட்டமிடல் சேவை, வெளிநாட்டுச் சேவை, கல்வி நிர்வாக சேவை, பொறியியல் சேவை, விஞ்ஞான சேவை, விவசாய சேவை. பணிப்பாளர் நாயகம், ஆணையாளர் நாயகம், மாவட்டச் செயலாளர், மேலதிகச் செயலாளர் என்று நீங்கள் பெயர்ப்பலகையில் பார்க்கும் பெரும்பாலானோர் இவற்றில் ஒன்றின் வழியாக வந்தவர்கள்தாம்.

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், மேலதிகாரிகளுக்கென்றே 'சீனியர் எக்ஸிக்யூட்டிவ் சேர்விஸ்' என்று தனிச் சேவை அமைத்தார்கள். அங்கே பட்டத்தை விட அதிகம் பார்ப்பது மனிதர்களை வழிநடத்தத் தெரியுமா, எடுத்த காரியத்தை முடித்துக் காட்டியிருக்கிறாரா என்பதைத்தான். கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் புழங்கும் பகுதிகளில் மேலதிகாரியாக இருக்க இரண்டு மொழியும் கேட்பார்கள். சித்தப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். இங்கேயும் அதே கதைதான். மொழிகளின் பெயர் மட்டும் வேறு.

கேள்வி: மாவட்டச் செயலாளர் வேலைக்கு விளம்பரம் வருமா? வந்தால் நேரே விண்ணப்பிக்கலாமா?
– இளைஞர், கட்டுகஸ்தோட்டை

பதில்: வராது, தம்பி. வெளியிலிருந்து அந்த நாற்காலிக்கு நேர்வழி இல்லை. இலங்கை நிர்வாக சேவையில் தரம் III இல் நுழைந்து, II, I என்று ஏறி, விசேட தரத்தைத் தொட்டவர்களிடமிருந்துதான் மாவட்டச் செயலாளரைத் தெரிவு செய்கிறார்கள். நுழைந்த நாளிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சைகள், பயிற்சிகள், மேலே போகப் போக முதுமாணிப் பட்டம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒன்று காத்திருக்கும்.

இருபது வருடம் என்றதும் சலித்துப் போகாதீர்கள். அதிகாரமும் பொறுப்பும் அதற்கு வெகு முன்னரே வந்துவிடும். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம், அரசாங்க அதிபரிடமும் (மாவட்டச் செயலாளரின் மற்றொரு பெயர்) உதவி அரசாங்க அதிபரிடமும் இருந்த பெரும்பாலான அதிகாரங்களைப் பிரதேச செயலாளரிடம் கொடுத்துவிட்டது. கண்டி மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 20 இருக்கின்றன. பன்விலையிலோ பஸ்பாகே கோறளையிலோ முப்பத்தைந்து வயதில் பிரதேச செயலாளராக இருப்பவரின் மேசைக்குத்தான் காணி, நலன்புரிக் கொடுப்பனவு, முதியோர் உதவி, மண்சரிவு நிவாரணம், கிராம அலுவலர்களின் பிரச்சினை எல்லாம் வருகின்றன. என்னைக் கேட்டால், நம் நாட்டின் நிர்வாகத்தில் மிகப் பயனுள்ள பதவி அதுதான். கொழும்பில் ஓர் அமைச்சில் உட்கார்ந்து பத்துக் கோப்புக்குக் குறிப்பு எழுதுவதைக் காட்டிலும், ஒரு பிரதேச செயலாளரின் ஒரு நாள் ஊருக்கு அதிகம் செய்யும்.

கேள்வி: கலைப் பட்டம் போதுமா? பொறியியலோ மருத்துவமோ படித்திருந்தால்தான் மதிப்பா?
– பட்டதாரி, கம்பளை

பதில்: நிர்வாக சேவைக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டமும் போதும். வரலாறு படித்தவர் பிரதேச செயலாளராகலாம். தமிழ் சிறப்புப் பட்டதாரி ஆணையாளர் நாயகம் ஆகலாம். கணக்காளர், பொறியியல், விவசாயம் போன்ற சேவைகளுக்கு அந்தந்தத் துறைப் பட்டமும் தொழில்முறைத் தகைமையும் கேட்பார்கள். வயதெல்லை காலத்துக்குக் காலம் மாறி வந்திருப்பதால், நீங்கள் தோற்றப்போகும் பரீட்சையின் வர்த்தமானி என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. ஐந்து வருடத்துக்கு முன் அண்ணன் எழுதிய பரீட்சையின் வயதெல்லையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஏற்கனவே அரச சேவையில் முகாமைத்துவ சேவை அலுவலராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ இருப்பவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை என்ற தனி வாசலும் உண்டு. குறித்த சேவைக்காலத்தை முடித்திருக்க வேண்டும். அந்த வாசலை நம்மவர்கள் அதிகம் தட்டுவதே இல்லை.

கேள்வி: பரீட்சையைத் தமிழில் எழுதலாமா? அது உண்மையில் எப்படிப்பட்ட பரீட்சை?
– ஆசிரியை, புசல்லாவை

பதில்: தாராளமாகத் தமிழில் எழுதலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் எதிலும் தோற்றலாம்.

வினாத்தாள்களின் அமைப்பு வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறியிருக்கிறது. ஆனால் தேடுவது மாறவில்லை. பொது நுண்ணறிவு, அதாவது எண்களையும் வடிவங்களையும் தர்க்கத்தையும் விரைவாகக் கையாளும் ஆற்றல். இலங்கையின் சமூக, பொருளாதார, அரசியல் பின்னணி பற்றிய அறிவு. நீண்ட ஒரு விடயத்தை வாசித்து, சாரத்தைப் பிடித்து, தெளிவாக எழுதும் திறமை. அதன் பிறகு நேர்முகப் பரீட்சை.

நம் பிள்ளைகள் தடுமாறுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும் என்பது என் எண்ணம். நுண்ணறிவுத் தாளுக்கு வகுப்பு இருக்கிறது, பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. "பெருந்தோட்டங்களில் காணி உரிமை பற்றிப் பிரதேச செயலாளர் ஒருவர் தன் அமைச்சுக்கு எழுதும் அறிக்கையை ஒரு பக்கத்தில் தருக" என்று கேட்டால் என்ன செய்வீர்கள், டீச்சர்? நம் பிள்ளைகளில் பலர் மூன்று பக்கம் உணர்ச்சியோடு எழுதிவிடுவார்கள். வேண்டியது எத்தனை குடும்பம், எந்தச் சட்டம், என்ன தடை, என்ன பரிந்துரை என்பதுதான். இதை எந்த வகுப்பும் ஒரு மாதத்தில் கற்றுத் தராது. தினமும் ஒரு பத்திரிகைச் செய்தியை எடுத்து நூறு சொல்லில் சுருக்கி எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடம் செய்தால் கை தானாகப் பழகும்.

கேள்வி: எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. அது பெரிய தடையா?
– அபிவிருத்தி உத்தியோகத்தர், நாவலப்பிட்டி

பதில்: பரீட்சைக்குத் தடையில்லை. பதவியில் நிலைப்பதற்கும் உயர்வதற்கும் தடைதான்.

2007ஆம் ஆண்டின் 07ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கைப்படி, அந்த ஆண்டு ஜூலை முதலாம் திகதிக்குப் பிறகு சேவைக்கு வருபவர் எவரும் மற்ற அரசகரும மொழியில் குறித்த காலத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும். 2020இல் 18ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதன் மட்டங்களைத் திருத்தியது. பதவி உயர உயர எதிர்பார்க்கும் மட்டமும் உயரும். தேர்ச்சி இல்லையென்றால் சம்பள ஏற்றம் நிற்கும். அதோடு பதவியுயர்வும் பின்தள்ளப்படும். தமிழ் அதிகாரிக்குச் சிங்களம், சிங்கள அதிகாரிக்குத் தமிழ் என்று விதி இரு பக்கமும் ஒன்றே.

இது புதிய சுமை என்று நினைக்க வேண்டாம். லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1904இல் இலங்கை சிவில் சேவைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது தமிழ் படித்துப் பரீட்சை எழுதினார். 1907இல் கண்டிக் கச்சேரிக்கு அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளராக மாற்றலாகி வந்தபின் சிங்களத்தில் இறங்கினார். அடுத்த வருடம் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போய்விட்டார். அந்நாளில் இளம் சிவில் அதிகாரி ஒருவர் உள்ளூர் மொழி, சட்டம், கணக்கு மூன்றிலும் பரீட்சை தேறாமல் மேலே போக முடியாது. ஆட்சி செய்ய வந்த வெள்ளைக்காரரே இரண்டு மொழியையும் படித்தார் என்றால், இந்த மண்ணிலேயே பிறந்த நமக்கு அது முடியாத காரியமா?

சட்டத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தாலும் 1988இன் பதினாறாம் திருத்தத்தாலும் தமிழ் அரசகரும மொழி. தமிழில் கடிதம் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை. ஆனால் அந்தப் பதிலை எழுதும் அதிகாரி அலுவலகத்தில் இல்லையென்றால் உரிமை கடதாசியோடு நின்றுவிடும். புசல்லாவைத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்த வந்து, சிங்களப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் யாராவது நிரப்பித் தர மாட்டார்களா என்று நிற்கிறார். இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த ஒருவர் மேசையில் இருந்தால் அவருக்கு அது பத்து நிமிட வேலை. அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம். பேச வருகிறது என்கிறீர்கள். அதுவே பாதிக் கிணறு. எழுத்துக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

கேள்வி: மந்திரியின் கடிதம் இல்லாமல் பெரிய பதவி கிடைக்குமா?
– வியாபாரி, அக்குறணை

பதில்: நிர்வாக சேவையில் நுழைய, கடிதம் ஒரு புள்ளிகூடச் சேர்க்காது. பரீட்சையை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். நியமனம் தருவது அரசாங்க சேவை ஆணைக்குழு. ஆணைக்குழுவின் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வது அரசியலமைப்பின் 61இ உறுப்புரையின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கடிதம் தருகிறேன் என்பவரையும், கடிதத்துக்குப் பணம் கேட்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உச்சியில் நிலைமை வேறு. அமைச்சின் செயலாளரை நியமிப்பவர் ஜனாதிபதி. திணைக்களத் தலைவர்களை நியமிப்பது அமைச்சரவை. அங்கே அரசியல் விருப்பு நுழையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1972 அரசியலமைப்பு அரச சேவையை அமைச்சரவையின் கையில் கொடுத்தது. 2001, 2010, 2015, 2020, 2022 என்று வந்த திருத்தங்கள் ஆணைக்குழுவின் சுதந்திரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆடியிருக்கின்றன. அந்த ஆட்டம் நிற்க வேண்டும். ஆனால் நீங்கள் நிற்பது முதல் படியில். அங்கே மதிப்பெண்தான் பேசும்.

கேள்வி: நான் தோட்டத்துத் தொழிலாளி. மகள் ஏ.எல். எழுதியிருக்கிறாள். டி.எஸ். ஒபிசிலோ கச்சேரியிலோ பெரிய நாற்காலியில் நம்ம ஆட்களைக் காண்பதே அரிது. நம்ம பிள்ளைகளுக்கு அது எட்டாதா ஐயா?
– தந்தை, தெல்தோட்டை

பதில்: எட்டும். இதுவரை ஏன் எட்டவில்லை என்பதை மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவள் தன்னைக் குறைவாக நினைக்கக் கூடாது.

இலங்கையில் தமிழர் உயர் பதவிக்குப் போனது நேற்றல்ல. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1875இலேயே திறந்த போட்டிப் பரீட்சையில் வென்று சிவில் சேவையில் நுழைந்தார். அப்படி நுழைந்த முதல் இலங்கையர் அவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. சுதந்திரம் கிடைத்தபோது பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளராக இருந்தவர் சேர் கந்தையா வைத்தியநாதன்.

அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜை இல்லாதவர் அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஒரு தமிழர் நாட்டின் பாதுகாப்புச் செயலாளர். உங்கள் தாத்தாவோ ஊர் விதானையாகவும் முடியாதவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் மற்றொரு கதவையும் மூடியது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு முழுமையாகப் பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். இந்தியாவுடனான 1964 ஒப்பந்தம், 1988 சட்டம் என்று இழுபட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது.

கணக்குப் பாருங்கள். 2003இல் பிறந்த பிள்ளை இப்போதுதான் பட்டம் பெறும் வயதுக்கு வந்திருக்கிறது. நாடற்றவர் என்ற சொல் தன் வீட்டில் காகித அளவிலும் இல்லாமல் வளர்ந்த முதல் தலைமுறை உங்கள் மகளின் தலைமுறை. தாமதம் அவள் செய்ததல்ல. அதை ஈடுசெய்யும் வாய்ப்பு மட்டும் அவளிடம் வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தால், கஷ்டத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மகாபொல, நிதியுதவிப் புலமைப்பரிசில் இரண்டுக்கும் உரிய படிவத்தை உரிய நேரத்தில் நிரப்புங்கள். கொழும்பில் கடை வேலைக்கு அனுப்பினால் அடுத்த மாதம் பணம் வரும், உண்மை. ஆனால் அவள் ஒருநாள் தெல்தோட்டைப் பிரதேச செயலகத்தின் மேசையில் உட்கார்ந்தால், அந்த மேசைக்கு முன் நிற்கும் நூறு குடும்பங்களின் வாழ்வு மாறும்.

கேள்வி: சம்பளம் என்ன? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.
– மாணவர், குண்டசாலை

பதில்: 2016ஆம் ஆண்டின் 03ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் நிர்வாக சேவையின் ஆரம்பச் சம்பளப் புள்ளி மாதம் 47,615 ரூபா, விசேட தரத்தின் ஆரம்பம் 88,000 ரூபா என இருந்தன. அவை அடிப்படைச் சம்பளங்கள்; படிகள் தனி. 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தைக் கட்டங்கட்டமாக உயர்த்தியது. மிகக் குறைந்த அடிப்படை 24,250இலிருந்து 40,000 ஆயிற்று. மேல் தரங்களும் அதற்கேற்ப உயர்ந்தன. ஓய்வூதியம் உண்டு, விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குப் பங்களிப்பும் உண்டு. கட்டாய ஓய்வு 60 வயதில்.

தனியார் வங்கியில் இதே திறமைக்குக் கூடக் கிடைக்கும். பணம் மட்டும் குறி என்றால் அங்கே போங்கள், அதில் தவறில்லை.

கேள்வி: பெரிய அதிகாரிகள் கையொப்பம் போடப் பயப்படுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அப்படி என்ன அதில்?
– முகாமைத்துவ உதவியாளர், பேராதனை

பதில்: இந்தப் பதவிகளின் உண்மையான தகுதியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாக.

தோட்டப் பாதை ஒன்றுக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரரின் பற்றுச்சீட்டு வருகிறது. பொது 35 என்று நாம் சொல்லும் வவுச்சரில் அது ஏறுகிறது. நிதிப் பிரமாணங்களின் 135ஆம் பிரமாணத்தின்படி செலவுக்கு அதிகாரமளிப்பவர், கொடுப்பனவை அங்கீகரிப்பவர், சான்றுப்படுத்துபவர், பணம் செலுத்துபவர் என்று பொறுப்பு நாலாகப் பிரிகிறது. சான்றுப்படுத்துபவர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: வேலை நடந்ததா? அளவுப் பதிவு சரியா? தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய்ப் பார்த்தாரா? பெறுகை வழிகாட்டியின்படி விலை கோரினார்களா? ஆறு அங்குலம் என்று எழுதிய கொங்கிரீட் நாலு அங்குலம்தான் இருந்தால், பாதையைப் போட்டவரோடு அந்தக் கையொப்பத்தின் சொந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.

2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. மோசடியாலோ கவனக்குறைவாலோ அரசுக்கு நட்டம் வந்தால், பொறுப்பான அதிகாரியிடமிருந்தே அறவிட அது வழி செய்கிறது. அமைச்சின் செயலாளர் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர். தன் அமைச்சின் ஒவ்வொரு சதத்துக்கும் நாடாளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு முன் வந்து அவரே விளக்கம் தர வேண்டும். அமைச்சர் வாயால் சொன்னார் என்பது அங்கே செல்லாது. எழுத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

அதனால் சிலர் எதிலும் கையொப்பமிடாமல் கோப்பைச் சுற்றவிட்டே காலம் தள்ளுகிறார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். பிரமாணம் தெரியாதவருக்குத்தான் பயம் அதிகம். தாபனக் கோவையும் நிதிப் பிரமாணமும் கரைத்துக் குடித்தவர், "இது முடியாது, ஆனால் இப்படிச் செய்தால் முடியும்" என்று குறிப்பில் எழுதுவார். அப்படி எழுதத் தெரிந்தவரையே நல்ல நிர்வாகி என்பேன். நீங்கள் இப்போது இருக்கும் மேசையிலேயே அதைக் கற்கலாம். உங்கள் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும் எந்தப் பிரமாணம் என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: கல்யாணம், பிள்ளை, இடமாற்றம்... பெண்ணுக்கு இது சரிப்படுமா?
– தாய், ஹந்தானை

பதில்: சரிப்படும், அம்மா. இடமாற்றம் கடினம்தான், வீட்டார் தோள்கொடுக்காவிட்டால் இன்னும் கடினம். ஆனால் பி.எஸ்.எம். சார்ள்ஸ் அம்மையாரைப் பாருங்கள். போர் முடிந்த 2009இல் இலட்சக்கணக்கான இடம்பெயர்ந்தோர் வவுனியாவில் குவிந்தபோது அங்கே அரசாங்க அதிபராக இருந்தவர் அவர். பிறகு சுங்கப் பணிப்பாளர் நாயகம், அமைச்சின் செயலாளர், வட மாகாண ஆளுநர் என்று போனார். முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் அரசாங்க அதிபராக இருந்த இமெல்டா சுகுமாரும் பெண்தான். இந்த நாட்டில் மிகக் கடினமான மாவட்டங்களை மிகக் கடினமான காலத்தில் நடத்தியவர்கள் பெண்கள். மருமகனாக வரப்போகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உயர் பதவி என்றால் கொழும்பில்தானே? கண்டியை விட்டுப் போக மனமில்லை.
– விவசாயப் பட்டதாரி, கன்னொருவை

பதில்: நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கண்ணைத் திருப்பிப் பாருங்கள்! விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில். 1912இல் தொடங்கிய திணைக்களம். அதன் பணிப்பாளர் நாயகம் முழு நாட்டுக்கும் பொறுப்பு. 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவிலிருந்து தேசிய தாவரவியல் பூங்காத் திணைக்களம் நடக்கிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களமும் பேராதனையில்தான். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் கெட்டம்பேயில். ஹந்தானையில் தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகம். மிளகு முதல் மாட்டுக்கு ஊசி வரை நாட்டின் கொள்கை உங்கள் பஸ் போகும் பாதையில் தீர்மானமாகிறது.

இவற்றின் மேல் பதவிகளுக்கு விவசாய சேவை, கால்நடை உற்பத்தி சுகாதார சேவை, விஞ்ஞான சேவை என்று தனித்தனி வழிகள் உண்டு. அங்கே முதுமாணி, கலாநிதி, ஆய்வுக் கட்டுரை எல்லாம் கணக்கில் வரும். பட்டப்பின்படிப்பு விவசாய நிறுவகம் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மாகாண சபைப் பக்கம் போனால் பல்லேகலையில் பிரதம செயலாளர் அலுவலகம். மாகாண அரச சேவைக்குத் தனி ஆணைக்குழு இருக்கிறது. பிரதம செயலாளரை மட்டும் ஜனாதிபதி நியமிக்கிறார். கொழும்புக்குப் போகாமல் நாட்டுப் பதவி வகிக்க, இலங்கையில் கண்டியைப் போல வாய்ப்பான ஊர் வேறு இல்லை.

கேள்வி: எனக்குக் கிடைக்க வேண்டிய பதவியுயர்வு கிடைக்கவில்லை. யாரிடம் போவது?
– அரச உத்தியோகத்தர், கண்டி

பதில்: முதலில் அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் எழுத்தில் மேன்முறையீடு. அங்கும் நியாயம் கிடைக்கவில்லையென்றால் 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. சமத்துவ உரிமை மீறப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு. அதற்குக் கால எல்லை ஒரு மாதம்தான். சட்டத்தரணியைப் பார்க்க இன்றே போங்கள்.

கேள்வி: நிர்வாக சேவை வகுப்புக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சேரலாமா?
– பட்டதாரி, கட்டுகஸ்தோட்டை

பதில்: கடன் வாங்காதீர்கள். கடந்தகால வினாத்தாள்களைத் தேடி வாங்குங்கள். மத்திய வங்கியின் வருடாந்தப் பொருளாதார அறிக்கை, அரசியலமைப்பு, கணக்காய்வு அறிக்கைகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்டி டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த பொது நூலகத்தில் ஒரு மேசையைப் பிடித்து, உங்களைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து படியுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துங்கள். அந்த நால்வரில் ஒருவர் சிங்கள நண்பராக இருந்தால் இருவருக்கும் மொழியும் சேர்த்து வரும்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. இப்போதே செய்ய ஏதாவது உண்டா?
– தாய், பன்விலை

பதில்: உண்டு, அம்மா. ஓ.எல். பாடத் தெரிவில் இரண்டாம் மொழி சிங்களத்தை எடுக்கச் சொல்லுங்கள். "அது சும்மா பாடம்" என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். கணிதத்தைக் கைவிட விடாதீர்கள். உங்கள் பிரதேச செயலகத்துக்கு ஏதாவது அலுவலாகப் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள். படிவத்தை அவனையே நிரப்பச் சொல்லுங்கள்.

மூத்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்க வர்த்தமானி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தமிழிலும் வெளிவருகிறது, கைபேசியிலேயே வாசிக்கலாம். பரீட்சை அறிவித்தல், தகுதி, இறுதித் திகதி எல்லாம் அதில்தான் வருகின்றன. வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி அதைப் பாருங்கள். உங்கள் ஊரில் பட்டம் முடித்து வேலையின்றி இருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்கள்.